மாத்திரையை நிறுத்தலாமா?

(ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய ஒன்றியக் கூட்டத்தில், இரத்த அழுத்த மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்ளும் முறை குறித்து வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், குளம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றியே இம்மேடையில் நாம் பேசுவது வழக்கம். இன்று மாத்திரையைப் பற்றிப் பேசப் போகிறோம். வளர்ச்சி அலுவலருக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும், சாலை போட்டால் அதில் நடப்பதற்குக் கால் வேண்டும்; கிணறு வெட்டினால் அதில் நீர் இறைப்பதற்குக் கை வேண்டும். மனிதரின் உடல் நலம் காக்கப்படாத ஊரில் மற்ற வளர்ச்சியெல்லாம் யாருக்காக?

இதைப் பேசத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். அந்நிகழ்ச்சியில் நமது தவறும் கலந்திருக்கிறது.

ஒரு கைரேகையின் கதை

நம் ஒன்றியத்தில் ஊராட்சி உறுப்பினராய் இருந்த விவசாயி ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. கூட்டத்தில் எழுந்து நின்றால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். பதில் கிடைக்கும்வரை உட்காரமாட்டார். மருத்துவ முகாம் ஒன்றில் அவருக்கு இரத்த அழுத்தம் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. எட்டு மாதம் ஒழுங்காக மாத்திரை உட்கொண்டார். அழுத்தம் 130/80 என்ற அளவுக்கு இறங்கியது. "நோய் தீர்ந்துவிட்டது" என்று அவர் முடிவு செய்தார். தை மாதம், சம்பா அறுவடை, அறுவடை இயந்திரம் என்று வரும் என்று வாய்க்கால் வரப்பில் காத்திருக்கும் காலம். மருந்து வாங்கச் செல்ல வேண்டிய நாளும் வந்தது. அந்த நாளிலேயே நாம் இங்கே கூட்டம் கூட்டியிருந்தோம். அவர் கூட்டத்திற்கு வந்தார், மருந்துக்குச் செல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுடன் காத்திருக்கையில், அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது; கை தளர்ந்தது; சாய்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று எண்ணிய நல்லவர்கள் அவரை மர நிழலில் படுக்க வைத்து, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மருத்துவமனை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உயிர் தப்பியது. வலக்கை தப்பவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவர் மீண்டும் ஊராட்சிக் கூட்டத்திற்கு வந்த நாளில், தீர்மானப் புத்தகத்தில் அழகாகக் கையொப்பமிட்டு வந்த அந்த மனிதர், இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தார். அந்தப் பக்கத்தை நாம் பார்த்தோம். அதன்பின் மாத்திரை நமது வேலையல்ல என்று எண்ண முடியவில்லை.

அவரைக் கண்டு, இச்செய்தியைச் சொல்லலாமா என்று கேட்டோம். "என் பெயரை விட்டுவிடுங்கள், நான் செய்ததை விடாமல் சொல்லுங்கள்" என்றார். ஆகவே சொல்கிறோம்.

குழாய் கத்தாது

இரத்த அழுத்தம் என்பது யாது? உங்கள் பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இருதயம் மோட்டார், இரத்தக் குழாய்கள் அதனின்று கிளைத்துச் செல்லும் குழாய்கள். குழாய்க்குள் நீர் போகும்போது அதன் சுவரை அழுத்துகிறதல்லவா? அதுபோல் இரத்தம் குழாய்ச் சுவரை அழுத்தும் வேகமே இரத்த அழுத்தம். இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது தளரும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். 120/80 என்பது நல்ல அளவு. வெவ்வேறு நாட்களில் முறைப்படி பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அதை மிகை இரத்த அழுத்தம் என்று கொள்கிறார்கள். இதையே நாம் இரத்தக் கொதிப்பு என்கிறோம். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. கோபக்காரருக்கு மட்டும் வருவதுமன்று. சாந்தமான மனிதருக்கும் வரும்.

அளவுக்கு மீறிய அழுத்தத்தில் நாள்தோறும் ஓடும் குழாய் உடனே வெடிப்பதில்லை. உட்சுவர் கெடும், இணைப்பு தளரும், மோட்டார் திணறும். வெடிக்கும் நாள்வரை குழாய் கத்துவதில்லை. மனித உடலிலும் அப்படியே. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே அழுத்தம் இல்லை என்பது தவறான கணக்கு. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஆனால் மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகிய நான்கும் உள்ளே தேய்ந்து வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நால்வரில் ஒருவருக்கேனும் இக்குறை உண்டு. அவர்களுள் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்போர் நூற்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பேரே. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பதிலும் முறை உண்டு. சைக்கிள் மிதித்து வந்த வியர்வையோடு கையை நீட்டலாகாது. அரை மணி நேரத்திற்கு முன்பிருந்தே காபி, தேநீர், பீடி, புகையிலை ஆகியவற்றை விலக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை, இருதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். கிடைத்த எண்ணைத் தேதியுடன் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குச் சிட்டா எப்படியோ, உடலுக்கு இந்த நோட்டு அப்படி.

ஏன் நிறுத்துகிறோம்?

மாத்திரையை நிறுத்துவோர் சொல்லும் முதற் காரணம், "அளவு சரியாகிவிட்டது" என்பது. மதகைத் திறந்து வைத்திருப்பதால் ஏரி நிரம்பி வழியாமல் இருக்கிறது. வழியவில்லையே என்று மதகை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மாத்திரை உட்கொள்வதால்தான் அளவு சரியாக இருக்கிறது. இம்மருந்து பெரும்பாலும் நோயை வேரோடு தீர்ப்பதன்று, அடக்கி வைப்பது. உப்பைக் குறைத்து, உடல் எடையைக் குறைத்து, புகையையும் மதுவையும் விட்டவர்களுக்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பதுண்டு. அதை அவர் செய்ய வேண்டும், நாமே செய்துகொள்ளலாகாது. அடினலால், மெட்டோபிரலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் துள்ளி ஏறும்; நெஞ்சுவலியும் வரலாம்.

இரண்டாவது காரணம், "மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்பது. இதில் சில வேளை உண்மை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அம்லோடிபின் உட்கொள்ளும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடித்துப் பயனில்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை சிறுநீரை மிகுதியாக்கும். ஆகவே அவற்றைக் காலையில் உட்கொள்வது நலம். அடினலால் நாடித் துடிப்பை மெதுவாக்கும். தொல்லை தந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: மருத்துவரிடம் சென்று, இன்ன மாத்திரை, இன்ன தொல்லை என்று கூறி வேறு மாத்திரை கேட்பது. மருந்து வகைகள் பல உண்டு. ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றொன்று ஒத்துவரும். உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மட்டும் அந்த மாத்திரையை மறுபடி தொடாமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மூன்றாவது காரணம், "நேரமில்லை, மருத்துவமனை தொலைவு" என்பது. இதற்கு நோயாளி மட்டும் பொறுப்பல்லர், நாமும் பொறுப்பு. அதற்குப் பின்னர் வருகிறோம்.

உட்கொள்ளும் முறை

தினமும் ஒரே வேளையில் உட்கொள்ளுங்கள். நேரத்தை ஏதேனும் ஓர் அன்றாட வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். பால் கறந்து முடித்தவுடன், அல்லது பல் துலக்கியவுடன் என்று வைத்துக்கொண்டால் மறதி வராது. தலைவலித்த நாளில் ஒன்று, கோபம் வந்த நாளில் ஒன்று என்று உட்கொள்வது மருந்தாகாது.

மறந்துவிட்டால்? அன்றைக்கே நினைவு வந்தால் உட்கொள்ளலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால், தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் உட்கொள்ளுங்கள். நேற்றையதற்கும் இன்றையதற்குமாக இரண்டைச் சேர்த்து விழுங்கலாகாது. விரத நாளில் மாத்திரைக்கும் விரதம் வேண்டாம். நோன்பு இருப்போர் எந்த வேளைக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறர் மாத்திரையை உட்கொள்ளாதீர்கள். உங்களுடையதைப் பிறருக்குக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்து வயலின் மண் பரிசோதனைச் சீட்டைக் கொண்டு நம் வயலுக்கு உரம் இடுவோமா? அண்ணனுக்கு நன்மை செய்யும் மாத்திரை, ஆஸ்துமா உள்ள தம்பிக்கு மூச்சுத்திணறல் தரக்கூடும். கருவுற்ற பெண்களுக்கு எனாலபிரில், டெல்மிசார்டன் வகைகள் ஆகா. வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும். இவற்றை உட்கொண்டு வரும் பெண், கருத்தரித்தது தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

மற்றொரு தவறு நம் ஊர்களில் அடிக்கடி நிகழ்கிறது. அரசு மருத்துவமனையில் ஒரு மாத்திரை. டவுனில் தனியார் மருத்துவரிடம் ஒரு மாத்திரை. அட்டையின் பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே. இரண்டையும் உட்கொள்வோர் இரட்டை அளவு உட்கொண்டு, வரப்பில் தலைசுற்றி விழுகிறார்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லாச் சீட்டுகளையும், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கூடா நட்பு

சில மருந்துகள் இம்மாத்திரையோடு சேரலாகாது. அவற்றுள் முதன்மையானது வலிமாத்திரை. நாற்று நட்டு இடுப்பு வலி, மூட்டை சுமந்து முழங்கால் வலி என்று கடையில் ஒன்றிரண்டு வாங்கி விழுங்குவது நமது பழக்கமாகிவிட்டது. டைக்ளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலிமாத்திரைகள் அழுத்தத்தை உயர்த்தும்; அழுத்த மாத்திரையின் பயனைக் குறைக்கும். எனாலபிரில் அல்லது டெல்மிசார்டனோடும், சிறுநீர் மிகுக்கும் மாத்திரையோடும் இவை சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே கேடு. வலி தாளாவிட்டால், "நான் அழுத்த மாத்திரை உட்கொள்பவன்" என்று முதலில் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும்.

நாட்டு மருந்தானால் தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. தொண்டைக்கு இதமான அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாகச் சுவைத்தால் அழுத்தம் ஏறும். உடலிலுள்ள பொட்டாசியம் குறையும். சர்ப்பகந்தி வேரின் கதையையும் அறிந்துகொள்ளுங்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும் என்று 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இந்திய மருத்துவர் இருவர் எழுதினர். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் பயனை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அவ்வேரினின்று ரிசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அளவு மிகுந்தால் அதே மருந்து மனச்சோர்வையும் தரும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. ஆகவே வேரும் மருந்துதான். மருந்துக்கு அளவு உண்டு. சித்த மருத்துவரிடம் செல்வோர் மாத்திரையைப் பற்றி அவரிடமும், சூரணத்தைப் பற்றி இவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உப்பின் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் சேரும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், எனாலபிரில், டெல்மிசார்டன் உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கலாகாது.

வயலில் கவனிக்க வேண்டியவை

சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்வோர் வியர்வையில் நீரை இழக்கிறார்கள். அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருண்டு வரலாம். குனிந்து களை எடுப்போர் மெதுவாக நிமிர வேண்டும்; படுக்கையிலிருந்து எழுவோர் சற்று உட்கார்ந்து எழ வேண்டும். இடையிடையே நீர் அருந்துங்கள். இருதய நோய், சிறுநீரக நோய் காரணமாக நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உணவும் நீரும் தங்காத நாளில் சில அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தை வருத்தும். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டு, எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளுங்கள். நலமானதும் மீண்டும் தொடங்குவதை மறக்கவேண்டாம்.

மாத்திரையை அடுப்பங்கரையிலும், வெயில் படும் சன்னலிலும், பூச்சிமருந்து வைக்கும் மாடத்திலும் வைக்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், காலாவதித் தேதி தெரியும்படி அட்டையோடு வையுங்கள். பெரியவரைக் காக்கும் ஒரு மாத்திரை, தவழும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியும். மருத்துவர் சொல்லும் காலத்தில் இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கையோ காலோ தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், நெஞ்சு வலித்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சோடா வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நாக்கின் அடியில் அழுத்த மாத்திரை வைப்பதும் வேண்டாம். மூளைக் குழாயில் இரத்தம் உறைந்ததனால் வந்த வாதமானால், நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்கத்தக்க மருந்து உண்டு. அந்த மருந்து எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று பார்க்கவேனும் நேரத்தோடு சேர வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும்.

ஊராட்சியின் கடமை

இனி நமது பொறுப்புக்கு வருவோம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தால், அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர வழி ஏற்பட்டது. திட்டம் எத்துணை நல்லதாயினும், வீடு வீடாகச் செல்பவருக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்ல ஊர்க்காரர் வேண்டும். அறுவடைக்கு வெளியூர் சென்றவர், மகள் வீட்டுக்குச் சென்ற முதியவர், தனித்து வாழும் கைம்பெண் ஆகியோரே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டில் அப்படிப்பட்டவர்களை அறிந்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். ஒருவரின் நோயை அவர் இசைவின்றி ஊரறியப் பேசலாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வழங்கும் நாளை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வையுங்கள். கிராம சபையில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். வேலைக்கு வரும் ஆட்கள் அந்த நாளில் சென்று வர அனுமதியுங்கள். நிலவுடைமையாளரும் அவ்வாறே செய்யட்டும். நாமும் ஓர் உறுதி கூறுகிறோம். இவ்வொன்றியத்தில் எந்தக் கூட்டத்துக்கும் நாள் குறிக்கும் முன், அந்த ஊர்களின் மருந்து நாளைக் கேட்டறிந்த பின்னரே குறிப்போம். இந்த ஏற்பாடு அன்றே இருந்திருந்தால், நம் நண்பர் அன்று மருந்தோடு வீடு திரும்பியிருப்பார்.

இன்று வீடு சென்றதும் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மீதம் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் நாளையே ஏற்பாடு செய்யுங்கள். இதுவரை அழுத்தம் பார்த்துக்கொள்ளாதவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் வாயிலில் அமர்ந்திருக்கும் செவிலியரிடம் சென்று பார்த்துக்கொள்ளலாம். வரிசையில் முதலாவதாக நாம் அமரப் போகிறோம்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகம் உங்கள் முன் வரும்போது, உங்கள் எல்லோருடைய கையொப்பங்களையும் அதில் காண விரும்புகிறோம்.